ஆகஸ்ட் 37: டிஎன்எஸ் சர்வரின் மாற்றப் பதிவைத் தோண்டி எடுத்த ஒரு மாலை

நவம்பர் 18, 2025. கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள். பாளையங்கோட்டையில் மதியத்திலிருந்தே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மாலை 4:17க்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் பேட்டரி தாங்கவில்லை. 4:31க்கு மின்சாரம் திரும்பியபோது சர்வர்கள் எல்லாம் தாமாகவே எழுந்துவிட்டன. ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நூலக அட்டவணை திறக்கவில்லை, வருகைப் பதிவு திறக்கவில்லை, ஆய்வகப் பிரின்டர்கள் பெயர் சொன்னால் வரவில்லை. ஆனால் வெளி இணையதளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறக்கின்றன.

வெளியே சரி, உள்ளே மட்டும் தவறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்பெயர்களைக் காக்கும் டிஎன்எஸ் சர்வர், அதாவது ஒரு பெயரைக் கேட்டால் அதன் முகவரியைச் சொல்லும் சர்வர். நான் ஒரு கல்வி அறக்கட்டளையின் இரண்டு வளாகங்களுக்கு நெட்வொர்க் பார்க்கிறேன். முதன்மை டிஎன்எஸ் சர்வர் பாளையங்கோட்டையில் இருக்கிறது. இயங்குதளம் உபுண்டு 24.04, அதில் டிஎன்எஸ் மென்பொருள் பைண்ட் 9.18. அதன் நகலை வைத்திருக்கும் துணைச் சர்வர் வள்ளியூர் வளாகத்தில். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகிச் சந்திப்பு பஸ் நிலையம் தண்ணீரில் நின்ற நாளுக்குப் பிறகுதான் துணைச் சர்வரை ஆற்றை விட்டுத் தள்ளி வைத்தோம்.

டிக் கட்டளை கொடுத்து ஒரு பெயரைக் கேட்டேன். சர்வ்ஃபெயில் என்று பதில் வந்தது. சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆனால் எங்கள் உள்பெயர்கள் அடங்கிய ஸோன் என்ற தொகுப்பை அது ஏற்றவே இல்லை என்று அர்த்தம். சர்வர் தன் நடப்பை எழுதும் லாக்கில் தேடியதும் காரணம் சொல்லும் வரி கிடைத்தது. தமிழில் சொன்னால் இப்படி இருந்தது: 'ஜர்னலை முன்னுருட்ட முடியவில்லை, ஜர்னலும் ஸோனும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.'

இந்த வரியைத் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் மருந்து ஒன்றுதான்: ஜர்னல் என்ற மாற்றப் பதிவுக் கோப்பை அழித்துவிட்டு சர்வரைத் திரும்பத் தொடங்குங்கள். அப்படிச் செய்தால் சர்வர் உடனே எழுந்துவிடும், உண்மைதான். ஆனால் அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அழிப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதில்தான் கடைசி மாற்றங்கள் இருக்கின்றன. வேறெங்கும் இல்லாமலும் போகலாம்.

என் அப்பா டவுணில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர். கடையில் இரண்டு ஏடுகள் உண்டு. வந்தது போனது எல்லாம் அந்தந்த நேரத்தில் சிட்டையில் ஏறும். கடை சாத்திய பிறகு சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிவார். சிட்டையில் தவறாக எழுதிவிட்டால் சுரண்டி அழிக்கமாட்டார். ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியான தொகையை எழுதுவார். கீழே இருக்கும் தவறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேரேட்டில் சிட்டையைத் தாண்டி ஒரு வரி எழுத யாருக்கும் உரிமை இல்லை, முதலாளிக்கும்கூட.

பைண்டின் வேலையும் இதே முறையில்தான் நடக்கிறது. ஸோன் கோப்பு பேரேடு. ஜேஎன்எல் என்ற ஒட்டுடன் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஜர்னல் சிட்டை. டிஎச்சிபி சர்வர் ஒரு கணினிக்கு முகவரி கொடுத்ததும், 'இந்தப் பெயருக்கு இந்த முகவரி' என்று டிஎன்எஸ் சர்வருக்குச் சொல்கிறது. 1997 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2136 என்ற இணைய நெறிமுறை ஆவணம் வகுத்த முறை இது. மாற்றத்தை அழியாத சேமிப்பில் பதிந்த பிறகே கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அந்த ஆவணம் கட்டாயமாக்குகிறது. அதனால் பைண்ட் ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் ஜர்னலில் எழுதி வட்டில் ஏற்றிவிடுகிறது. ஸோன் கோப்பை மட்டும் உடனே தொடுவதில்லை. அதிகபட்சம் 15 நிமிடம் தாமதித்து, சேர்ந்த மாற்றங்களோடு முழுவதையும் ஒரே மூச்சில் எழுதுகிறது. இடையில் மின்சாரம் போனால் பயமில்லை. எழுந்ததும் பேரேட்டின் சீரியல் எண்ணை, அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூடும் எண்ணைப் பார்க்கும். சிட்டையில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து, அதற்குப் பின்னால் உள்ளவற்றை வரிசையாக ஏற்றிக்கொள்ளும்.

அன்று, முகவரியைக் கேட்டால் பெயரைச் சொல்லும் எங்கள் ரிவர்ஸ் ஸோன் அப்படித்தான் தானாக எழுந்தது. அதற்கும் ஜர்னல் இருந்தது, அதற்கும் அதே மின்வெட்டுதான். அதுவே எனக்கு முதல் தடயம். மின்வெட்டு மட்டும் காரணமாக இருந்தால் இரண்டும் அல்லவா விழுந்திருக்க வேண்டும்?

எதையும் தொடுவதற்கு முன் ஸோன் கோப்பையும் ஜர்னலையும் வேறு அடைவுக்கு நகல் எடுத்தேன். பைண்டை நிறுத்திவிட்டு நகல் எடுப்பது நல்லது. பிறகு ஸோன் கோப்பின் தலையில் சீரியலைப் பார்த்தேன்: 2025111801. இன்றைய தேதி. இது எனக்குத் திடுக்கென்றது. ஏனென்றால் அந்த ஸோன் கோப்பில் இன்றைய தேதி இருக்கவே கூடாது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கையால் எழுதும் ஸோனில் ஆண்டு, மாதம், நாள், அதன்பின் இரண்டு இலக்கம் என்று சீரியல் வைப்பது நெடுநாள் வழக்கம். ஆகஸ்ட் 1 அன்று இந்த ஸோனைத் தொடங்கியபோது நானும் 2025080101 என்றுதான் வைத்தேன். ஆனால் டிஎச்சிபி அனுப்புவது போன்ற டைனமிக் அப்டேட் வந்துவிட்டால் பைண்டுக்கு நாட்காட்டி கிடையாது. இயல்பான அமைப்பில் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ஒன்று கூட்டும், அவ்வளவுதான். ஜர்னலை விரித்துக் காட்டும் கருவியின் பெயர் நேம்டு-ஜர்னல்பிரின்ட். அதை ஓட்டிக் கடைசி வரிகளைப் பார்த்தேன். கடைசி சீரியல் 2025083713. தேதியாகப் படித்தால் ஆகஸ்ட் 37. மூன்றரை மாதத்தில் 3,612 மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பொருள் இல்லை.

பேரேட்டில் 2025111801. சிட்டையோ 2025083713இல் முடிந்துவிடுகிறது. பேரேட்டின் எண் சிட்டையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கிருந்து தொடங்கி ஏற்றுவது என்று தெரியாததால் பைண்ட் கையை எடுத்துக்கொண்டது. அது செய்தது சரியான செயல் என்றே சொல்வேன். ஊகித்து ஏற்றியிருந்தால் தவறான முகவரிகளை உண்மைபோலக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

யாரோ கையால் எழுதியிருக்கிறார்கள். பக்கத்து அறையில் இருந்த இளைய சக ஊழியரைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நான்தான். புதிய பிரின்டருக்கும் கேமரா பதிவுக் கருவிக்கும் இரண்டு வரி சேர்த்தேன். சீரியலை இன்றைய தேதியாக மாற்றினேன். ரீலோடு கொடுத்தால் டைனமிக் ஸோன் என்று மறுத்துவிட்டது. உங்களைக் கேட்கலாம் என்று எழுந்தேன், மின்சாரம் போய்விட்டது" என்றார்.

"எத்தனை மணிக்குச் சேமித்தீர்கள் தம்பி?"

கோப்பின் நேரத்தைப் பார்த்தோம். 4:14.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகஸ்ட்டில் அந்தக் கோப்பின் முதல் வரியில் 'இது டைனமிக் ஸோன், நேரடியாகத் திருத்த வேண்டாம்' என்று நான் குறிப்பு எழுதியிருந்தேன். பைண்ட் முதல் தடவை கோப்பைத் திரும்ப எழுதியபோதே அந்தக் குறிப்பு காணாமல் போயிருக்கிறது. பைண்ட் நினைவில் வைத்திருப்பது பதிவுகளை மட்டும். குறிப்புகள், நாம் பார்த்துப் பார்த்து வைத்த வரிசை, இடைவெளி எதுவும் அதற்குத் தெரியாது. ஆகவே அவர் கோப்பைத் திறந்தபோது எச்சரிக்கை எதுவும் அங்கே இல்லை.

மீட்பு இங்கிருந்து தொடங்குகிறது. அவர் மாற்றுவதற்கு முன் ஸோன் கோப்பில் என்ன சீரியல் இருந்தது என்று தெரிய வேண்டும். அவருக்கு நினைவில்லை. இரவு பேக்கப்பில் இருப்பது முந்தைய நாளின் எண். ஆகவே சிட்டையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டியதாயிற்று.

ஜர்னலின் ஒவ்வொரு மாற்றமும் ஒரே அச்சில் இருக்கும். டெல் (நீக்கு) என்று தொடங்கும் வரியில், ஸோனின் தலைப் பதிவான எஸ்ஓஏ பழைய சீரியலோடு வரும். அடுத்து நீக்கப்பட்ட பதிவுகள், ஒவ்வொன்றும் டெல் என்ற சொல்லோடு. பிறகு ஆட் (சேர்) என்று தொடங்கி புதிய எஸ்ஓஏ, புதிய சீரியல். அதன்பின் சேர்ந்த பதிவுகள். கடைசி மாற்றம் இப்படி இருந்தது: டெல், எஸ்ஓஏ, 2025083712, டெல், லேப்3-14, முகவரி 10.20.3.88, ஆட், எஸ்ஓஏ, 2025083713, ஆட், லேப்3-14, முகவரி 10.20.3.41. ஒரு கணினியின் முகவரி மாறியிருக்கிறது. பழையதன்மேல் புதியதை எழுதவில்லை. பழையது போனதும் புதியது வந்ததும் தனித்தனியாக, பற்று வரவு போல நிற்கின்றன. அப்பாவின் ஒற்றைக் கோடு நினைவுக்கு வந்தது.

இனி ஒவ்வொரு மாற்றமாக எடுத்து, அதன் ஆட் வரி ஸோன் கோப்பில் இருக்கிறதா என்று தேடினேன். 13 இல்லை. 12 இல்லை. 11 இல்லை. 10 இல்லை. 2025083709இன் பதிவு இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் 08, 07, 06 ஆகியவற்றையும் பார்த்தேன், மூன்றும் இருந்தன. ஆகவே பேரேடு கடைசியாகப் பதியப்பட்டது 2025083709இல். நான்கு மாற்றங்கள் சிட்டையில் மட்டும் இருக்கின்றன.

லாக்கில் அந்த நான்கின் நேரமும் கிடைத்தது: 4:03, 4:05, 4:09, 4:12. 4:03க்கு வந்த மாற்றத்துக்கான 15 நிமிடக் கெடு 4:18க்கு முடிகிறது. மின்சாரம் போனது 4:17. போகாமல் இருந்திருந்தால் பைண்ட் தன் நினைவில் உள்ளதை ஸோன் கோப்பில் எழுதி, சக ஊழியரின் இரண்டு வரிகளையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் மூடியிருக்கும். பிரின்டர் ஏன் வரவில்லை என்று மறுநாள் வேறொரு இடத்தில் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: வள்ளியூர்த் துணைச் சர்வரிலிருந்து முழு ஸோனையும் எடுத்துக்கொண்டால் என்ன? நியாயமான கேள்விதான். பெரும்பாலான நாட்களில் அதுவே குறுக்கு வழி. ஆனால் மழையில் 4:07க்கே வள்ளியூர் இணைப்பு போயிருந்தது. 09, 10, 11 வரை அங்கே போயிருக்கும். 12, 13 போயிருக்க வாய்ப்பில்லை. அந்த இரண்டுக்கும் உலகத்தில் ஒரே சாட்சி இந்த ஜர்னல்தான். அழித்திருந்தால் போயிருக்கும்.

மற்ற வேலை சுருக்கம். நகல் அடைவில், ஸோன் கோப்பின் சீரியலை 2025083709 என்று திருப்பி வைத்தேன். சக ஊழியரின் இரண்டு வரிகளைத் தனியே எடுத்து வைத்தேன். நேம்டு-கம்பைல்ஸோன் கருவியை ஜர்னலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் ஜே விருப்பத்தோடு ஓட்டினேன். பேரேட்டின் மேல் நான்கு மாற்றங்களும் ஏறி, 2025083713 என்ற சீரியலோடு முழு ஸோன் புதிய கோப்பாக வெளியே வந்தது. லேப்3-14இன் முகவரி 10.20.3.41 என்று இருந்தது. அந்தக் கோப்பில் இரண்டு வரிகளையும் சேர்த்து, சீரியலை 2025111802 ஆக்கி, நேம்டு-செக்ஸோன் கொண்டு சரிபார்த்து, உரிய இடத்தில் வைத்தேன். பழைய ஜர்னலை அழிக்கவில்லை, பெயர் மாற்றி நகர்த்தினேன். பைண்டைத் தொடங்கியதும் ஸோன் ஏறியது. மணி 5:26.

(கோப்புகளை வைக்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. உபுண்டுவில் டைனமிக் ஸோன்களை எட்ஸி-பைண்ட் அடைவில் வைக்காதீர்கள். அங்கே பைண்ட் எழுதுவதை ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு தடுக்கும். ஜர்னலை உருவாக்க அனுமதி இல்லை என்று லாக் புலம்பும், அப்டேட் எல்லாம் தோற்கும். கோப்பு உரிமையை எவ்வளவு தளர்த்தினாலும் தீராது. வார்-லிப்-பைண்ட் அடைவுதான் அதற்கென்று விட்ட இடம்.)

அந்த வாரம் முழுவதும் பதிவு முறையைத் திருத்தி அமைப்பதில் போனது. ஜர்னலைக் கூர்ந்து படித்தபோது அதன் குறை எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன மாறியது, எந்த வரிசையில் மாறியது என்பதை அது துல்லியமாகச் சொல்கிறது. யார் மாற்றினார், எந்த மணிக்கு என்பதை நம்மிடம் காட்டும் மாற்ற வரிகளில் சொல்வதில்லை. அது பைண்டின் லாக்கில் அப்டேட் என்ற வகையில் விழுகிறது: கேட்ட கணினியின் முகவரி, அது பயன்படுத்திய கீயின் (அடையாளச் சாவியின்) பெயர், சேர்த்த அல்லது நீக்கிய பதிவு. முன்பு இது பொது லாக்கில் ஆயிரம் வரிகளுக்கு நடுவே கிடந்தது. இப்போது அப்டேட் வகைக்குத் தனிக் கோப்பு. 20 எம்பி ஆனதும் அடுத்த கோப்பு, மொத்தம் 12 கோப்புகள். சுழற்றும் வேலையை பைண்டிடமே விட்டுவிட்டேன். லாக்ரொட்டேட் என்ற பொதுக் கருவியும் அதே கோப்பைத் தொடக் கூடாது. அது கோப்பை நகர்த்தியதை பைண்டுக்குச் சொல்லாவிட்டால், பெயர் மாறிய பழைய கோப்பிலேயே பைண்ட் எழுதிக்கொண்டிருக்கும். புதிய கோப்பு வெறுமையாக நிற்கும்.

முயற்சிகளுக்குக் கிடைத்த அனுமதியும் மறுப்பும் வேறு வகையில், அப்டேட்-செக்யூரிட்டி என்ற பெயரில் வருகின்றன. அதற்கும் தனிக் கோப்பு கொடுத்தேன். முதல் நாளே நூற்றுக்கணக்கான மறுப்புகள். பார்த்ததும் பதற வேண்டியதில்லை. விண்டோஸ் கணினிகள் தங்கள் பெயரைத் தாமே டிஎன்எஸ்ஸில் பதிய முயலும் இயல்புடையவை, நாளுக்கு ஒருமுறை திரும்ப முயலும். அலுவலகக் கணினிகளில் அந்த அமைப்பை அணைத்த பிறகு மறுப்புகள் அடங்கின. இனி அதில் ஒரு மறுப்பு விழுந்தால் அது உண்மையிலேயே பார்க்க வேண்டிய வரி.

'யார்' என்பதற்குப் பதில் கிடைக்க வேண்டுமென்றால் கீ ஆளுக்கொன்றாக இருக்க வேண்டும். இதுவரை டிஎச்சிபி சர்வரும் நாங்கள் இருவரும் ஒரே டிசிக் கீயைப் பயன்படுத்தினோம். லாக்கில் மூவரும் ஒரே ஆளாகத் தெரிந்தோம். இப்போது மூன்று கீ. கையால் செய்யும் சிறு மாற்றங்கள் எல்லாம் என்எஸ்அப்டேட் என்ற கருவி வழியாக மட்டும். அது சிட்டை வழியாகப் போகும் வழி: ஜர்னலில் ஏறும், லாக்கில் பெயரோடு விழும், சீரியல் தானாகக் கூடும், துணைச் சர்வருக்கும் தகவல் போகும். பல வரிகளை ஒரே தடவையில் மாற்ற வேண்டி வந்தால் பைண்டுக்கு உத்தரவிடும் ஆர்என்டிசி கருவியில் 'ஃப்ரீஸ்' (உறைய வை) கொடுத்து, கோப்பைத் திருத்தி, சீரியலைக் கூட்டி, 'தா' (thaw, உறைவை விடு) கொடுக்கலாம். ஃப்ரீஸ் கொடுத்ததும் சிட்டையில் இருப்பதெல்லாம் பேரேட்டில் ஏறிவிடும், அதனால் பொருத்தம் கெடாது. ஆனால் ஃப்ரீஸில் இருக்கும் வரை டிஎச்சிபி அனுப்பும் அப்டேட்டுகள் மறுக்கப்படும் என்பதை மறந்து டீ குடிக்கப் போய்விடக் கூடாது.

ஜர்னலின் அளவு பற்றி ஒரு பழைய அனுபவம். உபுண்டு 18.04இல் பைண்ட் 9.11 ஓடிய காலத்தில், ஒரு சிறிய ஸோனின் ஜர்னல் ஒன்றரை ஜிபியைத் தாண்டி வட்டை அடைத்தது. அந்தப் பதிப்பில் வரம்பு இயல்பாக இல்லை, அதாவது 2 ஜிபி வரை வளரலாம். பின்வந்த பதிப்புகளில் ஸோனின் அளவைப் போல இரண்டு மடங்கு என்பதே இயல்பு வரம்பு. அது துணைச் சர்வருக்குப் போதும், மனிதனுக்குப் போதாது. பழைய மாற்றங்களை பைண்ட் வெட்டி எறிந்துவிடும், போன மாதத்தை இந்த மாதம் பார்க்க முடியாது. எங்கள் ஸோனில் ஆயிரத்து நூறு சொச்சம் பெயர்கள்தான். அதனால் மேக்ஸ்-ஜர்னல்-சைஸ் என்பதை 50 எம்பி என்று நானே எழுதிவிட்டேன்.

தினமும் இரவு ஆர்என்டிசி சிங்க் கட்டளை ஜர்னலில் உள்ளதை ஸோன் கோப்பில் ஏற்றுகிறது. பலர் இதோடு கிளீன் என்ற விருப்பத்தையும் சேர்த்து ஜர்னலைத் துடைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காத பழக்கம். துணைச் சர்வர்கள், மாறிய பகுதியை மட்டும் கேட்டு வாங்கும் ஐஎக்ஸ்எஃப்ஆர் முறை 1996 முதல் இருக்கிறது. பைண்ட் அந்தப் பகுதியை எடுத்துக் கொடுப்பது ஜர்னலிலிருந்துதான். ஜர்னல் இல்லையென்றால் ஒரு வரி மாறினாலும் முழு ஸோனையும் அனுப்ப வேண்டியிருக்கும். ஆகவே கிளீன் இல்லாத சிங்க். ஏறிய கோப்பை நேம்டு-கம்பைல்ஸோன் வழியாக ஒரே அச்சுக்குக் கொண்டுவந்து, கோப்பின் ஒவ்வொரு பதிப்பையும் காக்கும் கிட் களஞ்சியத்தில் சேர்க்கிறேன். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

எல்லாம் வைத்த பிறகும் ஒன்று குறைந்தது. ஏன் மாற்றினோம் என்பது ஜர்னலிலும் இல்லை, லாக்கிலும் இல்லை. ஸோன் கோப்பில் குறிப்பாக எழுதினால் பைண்ட் துடைத்துவிடும். அதே களஞ்சியத்தில் சிட்டை என்றே பெயர் வைத்து ஓர் உரைக் கோப்பு தொடங்கினோம். தேதி, நேரம், சீரியல், கீயின் பெயர், காரணம். திருத்தம் வேண்டுமானால் பழைய வரி அப்படியே நிற்கும், கீழே புதிய வரி வரும்.

வள்ளியூர் இணைப்பு அன்றிரவு 9:40க்குத் திரும்பியது. துணைச் சர்வரின் லாக்கைப் பார்த்தேன். தன்னிடம் 2025083711 இருப்பதாகச் சொல்லி மாற்றங்களை மட்டும் கேட்டது. ஜர்னலை நான் நகர்த்திவிட்டதால் முதன்மைச் சர்வர் முழு ஸோனையும் அனுப்பியது. நான் கணக்கிட்டபடியே 12உம் 13உம் அதனிடம் இருந்ததில்லை. இரண்டு சர்வர்களிலும் எஸ்ஓஏவைக் கேட்டேன், இரண்டும் 2025111802 என்றன.

சிட்டைக் கோப்பின் முதல் வரியை அந்தச் சக ஊழியரை எழுதச் சொன்னேன். அவர் எழுதியது இது: '18.11.2025, மாலை 5:26, 2025111802. முதல் மாடிப் பிரின்டர், வாசல் கேமரா பதிவுக் கருவி, இரண்டு பெயர்கள் சேர்ந்தன. 4:14க்கு ஸோன் கோப்பில் நேரடியாக எழுதியது தவறு. அந்த வரிகள் எடுக்கப்பட்டு, ஜர்னலை ஏற்றிய பின் மறுபடி சேர்க்கப்பட்டன.'